புளித்த கள்ளுக்கு மூன்று சாட்சிகள்

"என் கடையில புளிச்ச கள்ளுங்கிற பேச்சுக்கே இடமில்ல" என்றாள் இயா கெஹிண்டே.

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த பானைகளில் ஒன்று அதே நேரம் பார்த்து நுரைத்துப் பொங்கி வழிந்தது. காசிமுவுக்கு அந்தப் பானையின் நேர்மை ரொம்பப் பிடித்திருந்தது.

"நான் கேட்டது அது இல்ல" என்றார் ஃபலோமோ அம்மா. "முந்தாநாள் அலாபி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தியே, அது அன்னிக்குக் காலையில இறக்கின கள்ளா, அதுக்கும் முந்தின நாளைய கள்ளா?"

"உங்களுக்கு இன்னும் ரிடையர்மென்ட் ஆகலையா?"

"ஆயிடுச்சு."

"அப்ப எதுக்கு என் பானைக்குள்ள எட்டிப் பார்க்கிறீங்க?"

"பழக்கதோஷம்."

ஃபலோமோ அம்மா இலு-ஒபி ஊரின் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவர். அந்த உத்தியோகத்துக்கு யொரூபா ஜனங்கள் வைத்த பெயர் வோலே-வோலே. வீடு வீடாக நுழைந்து, சமையலறை மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அபராதம் எழுதுவது வேலை. அரசாங்கம் சம்பளத்தை நிறுத்திய பிறகும் மூக்கு மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டதால், இப்போது துப்பறிகிறார். ஊரில் அவர் முகர்ந்து பார்க்காத விஷயம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

காசிமு அவருடைய உதவியாளன். மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுவது அவனுக்குத் தொழில், ஃபலோமோ அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துச் சுற்றுவது தலையெழுத்து.

இன்றைய தலையெழுத்து காலையிலேயே மொராயோ என்ற கல்யாணப் பெண்ணின் வடிவத்தில் வந்து வாசலில் நின்றது. சனிக்கிழமை அவளுக்கும் தேஜுவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் நாலு தலைமுறையாக வரும் பவள மாலையை, அந்த வீட்டுக்கு மருமகளாகப் போகிறவள் கழுத்தில் கட்டுவது வழக்கம். வெள்ளைத் துணியில் முடிந்து, முன்கூட்டியே பெண் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை மாப்பிள்ளையின் பெரியத்தை வந்து முடிச்சை அவிழ்ப்பாள். அதுவரை யாரும் தொடக்கூடாது, காவல் பெண் வீட்டுப் பொறுப்பு. மாலையைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா சீஃப் ஒடுயேமி. கொடுத்துவிட்டுப் போகாமல், காவலுக்குக் காவலாக அந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டு வேளாவேளைக்குக் கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் மத்தியானம் மொராயோவின் அறையில் இருந்த முடிச்சைக் காணவில்லை. வாசல் பக்கம் பெண்கள் கூட்டம், வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் பாய் விரித்து மூன்று ஆண்கள் கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். மொராயோவின் அப்பா அலாபி, லாரி ஓட்டும் சித்தப்பா லசீசி, சீஃப் ஒடுயேமி. மூன்று பேரும் பாயை விட்டு நகரவே இல்லை என்று மூன்று பேருமே சத்தியம் செய்தார்கள்.

இன்று சாயங்காலத்துக்குள் மாலை வராவிட்டால் ஒடுயேமி கிளம்பிவிடுவார். பெண் வீட்டார் பவளத்தை விழுங்கிவிட்டார்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவார்.

"கல்யாணம் நின்னா நிக்கட்டும் அம்மா" என்று மொராயோ காலையில் சொன்னாள். "தேஜு நல்லவர்தான், அழுதுட்டு இருந்துடுவேன். ஆனா திருட்டு வீடுன்னு ஒரு பேரு வந்தா என்னோட போகாது. எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க."

அதற்குப் பிறகு ஃபலோமோ அம்மா போய் மூன்று ஆண்களிடமும் கேட்ட கேள்வியை நினைத்தால் காசிமுவுக்கு இப்போதும் வெட்கமாக இருந்தது. எங்கே இருந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று எதுவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. கள்ளு எப்படி இருந்துச்சு?

இப்போது அந்தக் கள்ளைக் கொடுத்தவளிடம் வந்து நிற்கிறார்.

"சரி, முந்தின நாள் கள்ளுதான்" என்று இயா கெஹிண்டே இறங்கி வந்தாள். "லேசாப் புளிச்சிருக்கும்."

"லேசான்னா?"

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டா குடிச்சிடலாம்."

"அதைக் கல்யாண வீட்டுக்கு, சம்பந்தி குடிக்கக் கொடுத்திருக்கே."

"சும்மாவா கொடுத்தேன்? கூடவே ஒரு கிண்ணம் அக்பாயுன் கொடுத்தேன்ல."

காசிமு சிரித்துவிட்டான். அக்பாயுன் என்பது களாக்காய் அளவில், சிவப்பாக ஒரு பழம். தனியாகத் தின்றால் ஒரு ருசியும் இருக்காது. ஆனால் கொட்டையைச் சுற்றியுள்ள சதையை நாக்கில் போட்டுப் புரட்டிவிட்டால், நாக்குக்குப் புத்தி திரும்பும்வரை புளிப்பெல்லாம் இனிப்புதான். எலுமிச்சம்பழம் சர்க்கரைக் கட்டியாகிவிடும். புளித்த மக்காச்சோளக் கஞ்சி பாயசமாகிவிடும். நேற்றைய கள், விடிகாலையில் மரத்திலிருந்து இறக்கிய கள்ளாகிவிடும். சர்க்கரை வாங்க வக்கில்லாத காலத்தில் ஊருக்கு இதுதான் சர்க்கரை. இப்போது இயா கெஹிண்டேவுக்கு இதுதான் மூலதனம்.

"ஆளுக்கு ஒரு பழம் என் கையாலயே எடுத்துக் கொடுத்தேன்" என்றாள் அவள். "மிச்சத்தைக் கிண்ணத்தோட பாய்கிட்ட வச்சுட்டு வந்தேன். இனிப்பு குறையக் குறைய எடுத்துப் போட்டுக்கட்டும்னுதான்."

"மூணு பேரும் தின்னதைப் பார்த்தியா?"

"வாய்கிட்ட கொண்டு போனதைப் பார்த்தேன். உள்ள போச்சான்னு வாயைத் திறந்து பார்க்க நான் என்ன வோலே-வோலேயா?"

"பானையை நடுவுல மாத்தினியா?"

"இருந்ததே ஒரு பானை. அதை எதைக் கொண்டு மாத்துறது?"

ஃபலோமோ அம்மா தலையாட்டிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் பொங்கிய பானையின் மூடியைச் சரியாக வைத்துவிட்டுப் போனார்.

காசிமு வண்டியைக் கிளப்பவில்லை. காலையில் கேட்ட மூன்று பதில்களும் அவன் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன.

லசீசி சொன்னது: "மொதல்ல தேனு அம்மா. அப்புறம் திடீர்னு பேட்டரித் தண்ணி. அந்தப் பொம்பள நடுவுல பானையை மாத்திட்டா."

சீஃப் ஒடுயேமி சொன்னது: "முதல் மடக்குலேர்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் தேன். உங்க ஊர்க் கள்ளைக் குறை சொல்ல மாட்டேன். ஜனங்களைத்தான் சொல்லுவேன்."

அலாபி சொன்னது: "புளிப்பு. வாயில வச்ச உடனே புளிப்பு. சம்பந்தி எதிர்ல மூஞ்சியைச் சுளிக்க முடியுமா, கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சேன்."

"அம்மா" என்றான் காசிமு. "கேஸ் முடிஞ்சுது."

"அப்படியா. எனக்கும் சொல்லு, தெரிஞ்சுக்கிறேன்."

"பழத்தைத் தின்னவனுக்குக் கள்ளு இனிக்கணும். முதல் வாயிலயே புளிச்சுதுன்னா, அந்த ஆளு பழமே தின்னல. பழம் தின்னலன்னா பாய்லயே உட்காரல. கள்ளு பழசுன்னு பொதுவாத் தெரிஞ்சதை வச்சு, புளிப்புன்னு அடிச்சு விட்டுட்டாரு. அந்த நேரத்துல அவரு எங்க இருந்தாரு? பொண்ணோட ரூம்ல."

"அவரு நம்ம கட்சிக்காரியோட அப்பா."

"கட்சிக்காரிக்கு அப்பா இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"லசீசியும் பாதிப் புளிப்புன்னு சொன்னாரே. அவரு பாதித் திருடனா?"

"அவரு முழுக் குடிகாரரு. பாதியிலயே நாக்கு செத்துப் போயிருக்கும்."

ஃபலோமோ அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் மறுத்துப் பேசாவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று காசிமு எடுத்துக்கொள்வான். இந்தப் பழக்கத்தால் அவன் பட்ட அவமானங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனாலும் விடவில்லை.

அலாபியின் வீட்டு வாசலில் பெண்கள் மொச்சை அரைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நடக்குமா என்று தெரியாத வீட்டில் கல்யாணத்துக்கு அரைப்பது எவ்வளவு மெதுவாக நடக்குமோ அவ்வளவு மெதுவாக நடந்தது. ஒடுயேமி முன் வராந்தாவில் பெரிய நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். நீல அங்கியின் கைகள் இரண்டும் தரையைத் தொட்டன. பக்கத்தில் அவருடைய தோல் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. கிளம்பப் போகிறேன் என்பதை வாயால் சொல்லாமல் பெட்டியால் சொல்லிக்கொண்டிருந்தார்.

அலாபி கொல்லைப்புறத்தில் தனியாக இருந்தார். தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார், ஆனால் அதற்கேற்ற மிடுக்கு முகத்தில் இல்லை. காசிமு மரியாதைக்குத் தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்த கையோடு கேட்டான்.

"ஐயா, முந்தாநாள் கள்ளு உங்களுக்கு மட்டும் ஏன் புளிச்சுது?"

"பழைய கள்ளுடா. புளிக்காம?"

"மத்த ரெண்டு பேருக்கும் தேனாட்டம் இருந்திருக்கே. அக்பாயுன் போட்டுக்கிட்டாங்க. உங்க கையிலயும் ஒண்ணு கொடுத்தாங்களாம். தின்னீங்களா?"

அலாபி தொப்பியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"தின்னிருந்தா இனிச்சிருக்கணும். தின்னலன்னா நீங்க அந்தப் பாய்ல இல்ல. இல்லைன்னா எங்க இருந்தீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் சமையலறைக் கதவில் மொராயோ நிற்பதைக் காசிமு பார்த்தான். கையில் பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசிமுவுக்குத் தன் வாயை அப்படியே கழற்றி வீசிவிடலாம் போலிருந்தது.

"அப்பா" என்றாள் மொராயோ. "சொல்லுங்க."

"நீ உள்ள போ."

"போக மாட்டேன். என் பேருதான் போகுது, நானே எங்க போறது?"

அலாபி தொப்பியைக் கழற்றி, அதன் மடிப்பைப் பிரித்தார். உள்ளேயிருந்து சுருங்கிக் கறுத்த ஒரு சின்னப் பழம் உள்ளங்கையில் விழுந்தது.

"எனக்குப் பேரு வச்ச அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்றார். "செவப்புத் தோலு உள்ள பழம் என் நாக்குல படக்கூடாது. அது எனக்கு விலக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மொராயோ.

"யாருக்கும் தெரியாது. விலக்கு என்னன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நம்மளப் பிடிக்காதவன் அதையே அரைச்சுக் குழம்புல ஊத்திடுவான். சம்பந்தி பார்த்துக்கிட்டே இருந்தாரு. வாய்கிட்ட கொண்டுபோய், சொறியற மாதிரி தொப்பியில சொருகிட்டேன்."

"தினம் தக்காளி சாப்பிடறீங்களே அப்பா."

"தக்காளி காய்கறி" என்றார் அலாபி, கௌரவத்தோடு.

காசிமு தரையில் கிடந்த ஒரு குச்சியை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய ஆரம்பித்தான். ஃபலோமோ அம்மா அந்தக் காய்ந்த பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆக, அன்னிக்கு உண்மையான ருசி தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றார்.

"அனுபவிச்சேன் அம்மா. அவங்க ரெண்டு பேரும் ஆகா ஓகோங்கிறாங்க, எனக்கு வயிறு எரியுது. நல்லவேளை, அப்புறம் அவங்களும் பட்டாங்க."

"எப்படி?"

"ஆடுதான். எங்க கடா வந்து கிண்ணத்துல இருந்த பழத்தை மொத்தமாத் தின்னுட்டுப் போயிடுச்சு. மறுபடி போட்டுக்கப் பழம் இல்ல. கொஞ்ச நேரத்துல லசீசிக்கு இனிப்பு இறங்கிடுச்சு. ஒரு மடக்கு வாயில வச்சான் பாருங்க, அப்படியே துப்பிட்டு, பானையை மாத்திட்டாள்னு இயா கெஹிண்டேவைத் திட்டினான். அது ஆரம்பத்துலேர்ந்தே புளிப்புதான்னு நான் சொல்லலையே. சிரிச்சேன், சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."

"லசீசி துப்பினாரு, சரி. சம்பந்தி?"

அலாபி வாயைத் திறந்தார். திறந்தபடியே யோசித்தார்.

"லசீசி மூஞ்சியைப் பார்த்துட்டு வேற மூஞ்சியைப் பார்க்கணும்னு தோணலையே அம்மா."

ஃபலோமோ அம்மா வராந்தாவின் பக்கம் பார்த்தார். பிறகு காசிமுவின் தோளைத் தட்டினார்.

"போய் இயா கெஹிண்டேவை வண்டியில ஏத்திட்டு வா. வர மாட்டேன்னா, பானைக்குள்ள இன்னொரு தடவை எட்டிப் பார்ப்பேன்னு சொல்லு. லசீசி எங்க இருந்தாலும் எழுப்பிக் கொண்டு வா."

"எதுக்கு அம்மா?"

"புளிச்ச கள்ளு வித்ததுக்கு விசாரணை."

"நாம பவளத்தைத் தேடறோமா, கள்ளைத் தேடறோமா?"

"நீ பெட்ரோலைத் தேடு. போ."

இயா கெஹிண்டே வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். லசீசி வந்தார், ஆனால் முழுதாக வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும் போலிருந்தது. கொல்லையில் அதே பாயை விரித்தார்கள். மொச்சை அரைத்த பெண்கள் கை கழுவாமலேயே வந்து வேலியோரம் நின்றார்கள். ஒடுயேமியை ஃபலோமோ அம்மா நேரில் போய், அரை மண்டியிட்டு வணங்கி அழைத்து வந்தார். அவர் அப்படி மண்டியிட்டுக் காசிமு பார்த்ததே இல்லை.

"சீஃப், உங்க நேரத்தை வீணாக்கறேன், மன்னிக்கணும்" என்றார் ஃபலோமோ அம்மா. "பவளம் விஷயத்துல என்னால ஒண்ணும் முடியல."

மொராயோவின் முகம் விழுந்தது. ஒடுயேமி பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் வருத்தம் எவ்வளவு என்று அளக்க எடைக்கல் எதுவும் தேவைப்படவில்லை.

"ஆனா இந்தப் பொம்பளையை விடப் போறதில்ல. சம்பந்திக்குன்னு கொடுத்த கள்ளுல பாதியில பானையை மாத்திப் புளிச்சதை வச்சுட்டாள்னு லசீசி புகார் சொல்றாரு. ஊர் ராஜா அரண்மனையில ஒப்படைச்சா கடையை மூடிடுவாங்க. உங்களை மாதிரி பெரிய மனுஷர் ஒரு வார்த்தை சாட்சி சொன்னாப் போதும்."

"நான் ஒரே பானைதான்..." என்று ஆரம்பித்த இயா கெஹிண்டேவை ஃபலோமோ அம்மா ஒரு பார்வையில் உட்கார வைத்தார்.

ஒடுயேமி எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கருணை காட்ட வாய்ப்பு கிடைத்த மனிதர்களுக்கு வரும் தனி அழகு அவர் முகத்தில் வந்தது.

"ஏழைப் பொம்பள, விட்டுடுங்கம்மா" என்றார். "என் நகை போனதுக்கு இவ என்ன பண்ணுவா? லசீசி போதையில உளர்றாரு. கடைசி வரைக்கும் கள்ளு தேனா இருந்துச்சு. நானே சாட்சி."

"கடைசி வரைக்குமா?"

"பானையோட அடிக் கள்ளை என் குடுக்கையிலதான் ஊத்தினாங்க. சொட்டு விடாமக் குடிச்சேன். அதுவும் தேன்."

லசீசி அதுவரை பாதிக் கண்ணை மூடியிருந்தார். இப்போது இரண்டையும் திறந்தார்.

"எந்த அடிக் கள்ளு?"

"கடைசியா இருந்ததுதான்."

"அதை நான்ல ஆட்டு மேல ஊத்தினேன்."

வேலியோரம் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எந்த ஆடு?" என்றார் ஒடுயேமி. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்பது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"பழத்தைத் தின்ன ஆடு" என்றார் லசீசி. "கள்ளு புளிச்ச அப்புறம் மறுபடி பானைகிட்ட வந்துச்சு. கயிறு போட்டு இழுத்தேன், கத்தினேன், பானையைத் தூக்கி மொத்தத்தையும் அது தலையில கவிழ்த்தேன். அதைத் துரத்திக்கிட்டு வேலி வரைக்கும் ஓடினேன். இவ்வளவு கூத்து நடந்திருக்கு, நீங்க எந்தக் கள்ளை எந்த ஊர்ல குடிச்சீங்க?"

"ஆடு இன்னும் நாறுதுங்க" என்று அலாபி அடக்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

ஃபலோமோ அம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மண்டியிட்டதில் முழங்கால் வலித்திருக்கும்.

"எங்க இருந்தீங்கன்னு கேட்டா எல்லாரும் பதில் தயார் பண்ணி வச்சிருப்பாங்க" என்றார். "நாக்கு என்ன சொல்லுச்சுன்னு கேட்டா யாரும் தயார் பண்ணியிருக்க மாட்டாங்க. பழம் தின்னாத ஆளுக்கு முழுசும் புளிப்பு. பழம் தின்னுட்டுக் கடைசி வரை உட்கார்ந்த ஆளுக்குப் பாதி இனிப்பு, பாதி புளிப்பு. பழம் தின்னுட்டு, இனிப்பு இறங்கறதுக்கு முன்னாடியே எழுந்து போன ஆளுக்குத்தான் முழுசும் தேன். கிண்ணம் நிறையப் பழம் இருந்துச்சே, ஆளுங்க எடுத்து எடுத்துப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சுட்டீங்க சீஃப். நியாயமான நினைப்புதான். ஆட்டை யாரு எதிர்பார்த்தா?"

"ஒதுங்கப் போயிருப்பேன்" என்றார் ஒடுயேமி. "அது ஒரு குத்தமா?"

"அவ்வளவு நேரமா? டாக்டரைப் பாருங்க" என்றான் காசிமு. கொஞ்ச நேரமாக வாயை மூடி வைத்திருந்ததில் அவனுக்குத் தாடை வலித்திருந்தது.

மொராயோ மெதுவாகப் பேசினாள். "அன்னிக்கு நாங்க எல்லாரும் நடைவழிக்கு வந்து உட்கார்ந்து கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் ஒண்ணுபோல உடுத்தற துணியைப் பங்கு போட்டோம். ரொம்ப நேரம். என் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள யாராவது இருந்திருந்தா, எங்களைத் தாண்டி வெளியில வந்திருக்கவே முடியாது."

"வரல. நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் கதவுக்குப் பின்னால நின்னாரு" என்றார் ஃபலோமோ அம்மா. "பாவம், அந்தச் சரீரத்தோட. மொராயோ, வீட்டுல எந்தெந்த இடமெல்லாம் தேடினீங்க?"

"எல்லா இடமும். கோழிக்கூடு, அரிசி மூட்டை, தங்கச்சிங்க ஸ்கூல் பை..."

"அந்தத் தோல் பெட்டி?"

மாப்பிள்ளை வீட்டார் பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட, அவர்கள் முகத்தில் துப்பிவிடுவது மரியாதை. அந்த மரியாதை மீது பாரத்தைப் போட்டுவிட்டு மனுஷர் இரண்டு நாளாகக் கோழிக் குழம்பு சாப்பிட்டிருக்கிறார்.

"வேணாம்மா" என்றார் அலாபி. "சம்பந்தி..."

மொராயோ ஏற்கெனவே வராந்தாவுக்குப் போய்விட்டாள். பெட்டியைத் தூக்கி வந்து ஒடுயேமியின் காலடியில் வைத்து, கையை நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், வேலியோரம் நின்ற அத்தனை பெண்களையும் பார்த்தார், பிறகு சாவியைக் கொடுத்தார். மடித்த அங்கிகளுக்கு அடியில் வெள்ளைத் துணி முடிச்சு அப்படியே இருந்தது.

"தன் வீட்டு நகையைத் தானே திருடுறதுக்கு இந்த ஆளுக்கு என்ன பைத்தியமா?" என்றார் லசீசி.

"அதை முடிச்சைத்தான் கேட்கணும்" என்றார் ஃபலோமோ அம்மா.

"அவிழ்க்காதே" என்றார் ஒடுயேமி. கொழுப்பெல்லாம் வடிந்த குரல் அது. "பெரியத்தைதான் அவிழ்க்கணும். வழக்கம்."

மொராயோ முடிச்சை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "இதுக்கு நான் காவல் இருந்தேன். தூக்கம் இல்லாம இருந்தேன். கையில தூக்கிப் பார்க்கவே இல்ல." அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

மாலை செக்கச்செவேலென்று அழகாகத்தான் இருந்தது. ஃபலோமோ அம்மா ஒரு மணியை நகத்தால் வருடிக் காட்டினார். நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது, பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் ஓடுமே, அச்சிலிருந்து எடுத்த கோடு, அதேதான். எல்லா மணியிலும் இருந்தது.

"நாலு தலைமுறைக்கு முன்னாடியே உங்க ஊருக்கு பிளாஸ்டிக் வந்துடுச்சா சீஃப்?" என்றான் காசிமு.

ஒடுயேமி பாயில் உட்கார்ந்துவிட்டார். பவளம் அவர் பாதுகாப்பில் இருந்தது. ஒரு கஷ்ட காலத்தில் விற்றுவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை அவருடைய அக்கா, அந்தப் பெரியத்தை, முடிச்சை அவிழ்த்தால் தொட்ட உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு முன்னால் மாலை இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் காவலில் தொலைந்தாக வேண்டும். இதையெல்லாம் அவர் இந்த வரிசையில் சொல்லவில்லை, அழுகைக்கு நடுவே தோன்றியபடி சொன்னார்.

"தேஜுவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மொராயோ.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சத்தியமா."

மொராயோ கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள். அந்த ஒரு பதில்தான் அவளுக்கு வேண்டியிருந்தது என்று காசிமுவுக்குப் பட்டது.

"நகை கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடறேன்" என்றார் ஒடுயேமி. "எங்கயோ இடுக்குல விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிடறேன். உன் மேல ஒரு பழியும் வராது. நல்ல பவளமா எங்கயாவது இரவல் வாங்கி, அக்கா வர்றதுக்குள்ள மாத்தி வச்சுடலாம். குடும்ப மானம்மா. உனக்கும் இனிமே அதானே குடும்பம்."

அலாபி மகளைப் பார்த்தார். லசீசி பார்த்தார். வேலியோரம் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஃபலோமோ அம்மா மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார், அவர் கேஸ் முடிந்துவிட்டது.

மொராயோ மாலையைத் துணியில் வைத்து, முன்பு இருந்த மாதிரியே இழுத்து முடிச்சுப் போட்டாள். அவசரமே இல்லாமல் போட்டாள்.

"எதையும் மாத்த வேணாம் மாமா. சனிக்கிழமை பெரியத்தை வருவாங்க, அவிழ்ப்பாங்க, தொட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாங்க. அந்த நேரத்துல நீங்க என் பக்கத்துல நிக்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கதான் பேசணும்."

"கூட்டத்து நடுவுலயா?"

"எங்களைத் திருடனுங்கன்னு ஊர் ஊரா, கூட்டத்து நடுவுலதானே சொல்லக் கிளம்பினீங்க?"

ஒடுயேமி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுவரைக்கும் காவல் உங்களுது" என்று சொல்லி, முடிச்சை அவர் மடியில் வைத்துவிட்டு, மொராயோ பாதியில் விட்ட வெங்காயத்தை நறுக்க உள்ளே போனாள். பெண்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கம் திரும்பினார்கள். சற்று நேரத்தில் மொச்சை அரைக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது வேகமாகக் கேட்டது. ஒடுயேமி அந்த லேசான முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.